கல்லும் மணலும் போகுது, அந்தக் கணக்கு எங்கே? குமரி மாவட்ட மக்கள் கேட்கக்கூடியவை

டாரஸ் லாரிகள் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு களியக்காவிளை தாண்டிப் போவதை நாம் தினமும் பார்க்கிறோம். மணவாளக்குறிச்சி மணல் ஆலை கடற்கரையிலிருந்து இல்மனைட், சிர்க்கான், மோனசைட் எடுத்து வருகிறது. இந்தக் கனிமங்களுக்காகக் கட்டப்படும் பணத்தில் ஒரு பங்கு சட்டப்படி நம் மாவட்டத்துக்கே திரும்பி வர வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

அதன் பெயர் மாவட்ட கனிம அறக்கட்டளை நிதி. 2015-இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தார்கள். இல்மனைட் போன்ற பெருங்கனிமங்களுக்கு ராயல்டி, அதாவது கனிமம் எடுப்பதற்காக அரசுக்குக் கட்டும் தொகை போக, 2015 ஜனவரி 12-க்கு முந்தைய குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதமும், பிறகு ஏலத்தில் எடுத்தது என்றால் 10 சதவீதமும் இந்த நிதிக்குக் கட்ட வேண்டும். கல்குவாரி போன்ற சிறு கனிமங்களுக்கு எவ்வளவு என்பதை மாநில அரசு நிர்ணயிக்கிறது. குடிநீர், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல் போன்றவைதான் முன்னுரிமைச் செலவுகள். 2024-இல் திருத்திய மத்திய வழிகாட்டுதலின்படி, சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டர் சுற்றளவு நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதி. நிதியில் குறைந்தது 70 சதவீதம் அங்கே செலவாக வேண்டும். மணவாளக்குறிச்சியை மையமாக வைத்தால் குளச்சல், தக்கலை எல்லாம் இதற்குள் வந்துவிடும்.

இதை மேற்பார்வையிடும் குழுவுக்கு ஆட்சியர் தலைவர், எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் உறுப்பினர்கள். சுரங்க வருவாயின் வெளிப்படைத்தன்மைக்காக உலக அளவில் இயங்கும் இ.ஐ.டி.ஐ. அமைப்பில் அரசு, நிறுவனம், மக்கள் அமைப்புகள் மூன்றும் ஒரே குழுவில் உட்கார்ந்து கணக்கைச் சரிபார்க்கின்றன. இந்தியா அதில் சேரவில்லை. சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை நம் கையில் இருப்பது தகவல் உரிமைச் சட்டம்.

பாதிக்கப்பட்ட பகுதிகளின் பட்டியல், காலாண்டு வாரியாக வந்த தொகை, கூட்டத் தீர்மானங்கள், ஆண்டுத் திட்டம், பணி ஆணைகள் எல்லாவற்றையும் அறக்கட்டளை தன் இணையதளத்தில் தானாகவே போட வேண்டும். அங்கே கிடைக்கவில்லையா, நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மனுவில் "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால், அது தகவல் இல்லை என்று தட்டிக்கழித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தக் குவாரியின் குத்தகை ஆணை நகல், இந்த மாதம் வழங்கிய நடைச்சீட்டுகளின் (லாரியில் கனிமம் கொண்டுபோவதற்கான அனுமதிச் சீட்டு) எண்ணிக்கை, அதில் குறித்த அளவு, அறக்கட்டளைக்குக் கட்டிய தொகை. நடைச்சீட்டின் அளவையும் ஓடுகிற லாரிகளையும் ஒப்பிட்டாலே நிறையப் புரியும். கோப்பை நேரில் பார்வையிடவும் உரிமை உண்டு.

ஊராட்சி என்றால் கிராமசபையில் கணக்குக் கேட்டுத் தீர்மானம் போடலாம். நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் அதிகம், அங்கே கிராமசபை கிடையாது. கவுன்சிலர் மூலம் மன்றக் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

அப்புறம், சுற்றுச்சூழல் அனுமதி கொடுப்பதற்கு முன் மக்களிடம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டம். தனித்தோ, அருகருகே கூட்டாகவோ 5 ஹெக்டேரைத் தொடும் குவாரிகளுக்கு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி இது நடத்தப்பட வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். வர முடியாதவர்கள் எழுதியும் அனுப்பலாம். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1-இல் நடக்கவிருந்த கூட்டம், கடும் எதிர்ப்புக்கு நடுவே தள்ளிவைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் அணுக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்தது. மோனசைட்டும் அணுக் கனிமம்தான், அதனால் அது உள்ள நம் கடற்கரையை இது நேராகத் தொடுகிறது. திரும்பப் பெறும்படி தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற சுரங்கங்கள், நிபந்தனைகளைப் பின்பற்றுகிறோமா என்று ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இரண்டு முறை அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். உங்கள் ஊர்ச் சுரங்கத்தின் அறிக்கையை வாங்கி, அதில் எழுதியிருப்பது களத்தில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.