ஓடிய வரியும் சோதித்த வரியும்: போஸ்ட்கிரஸில் டெஸ்ட் எழுதுவது பற்றி

2022 ஜூன் 16 அன்று போஸ்ட்கிரஸ் என்ற திறமூலத் தரவுத்தள மென்பொருளின் 14.4 பதிப்பு வெளிவந்தது. வழக்கமான காலாண்டு அட்டவணைக்கு வெளியே வந்த அவசர வெளியீடு அது. 14.0 முதல் 14.3 வரையிலான பதிப்புகளில் 'கிரியேட் இன்டெக்ஸ் கன்கரன்ட்லி' அல்லது 'ரீஇன்டெக்ஸ் கன்கரன்ட்லி' கொடுத்து, அதாவது டேபிளில் மாற்றங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே, கட்டிய இன்டெக்ஸில் (வேகமாகத் தேட உதவும் அட்டவணையில்) சில பதிவுகள் விடுபட்டுப்போக வாய்ப்பு இருந்தது. அப்படி ஆனால் எர்ரர் எதுவும் வராது. டேபிளை முழுக்கப் படித்தால் வாடிக்கையாளர் இருப்பார், இன்டெக்ஸ் வழியாகத் தேடினால் காணாமல் போவார்.

காரணம் ஒரு வேக மேம்பாடு. எந்தப் பழைய பதிவுகளை அழிக்கலாம் என்று வேக்யூம் என்ற துப்புரவு வேலை கணக்குப் போடும்போது, கன்கரன்ட்லியாக இன்டெக்ஸ் கட்டிக்கொண்டிருக்கும் செஷனை விட்டுவிடலாம் என்று 14-இல் மாற்றினார்கள். ஆனால் தரவைச் சேமிக்கும் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளேயே அவ்வப்போது நடக்கும் சிறு துப்புரவும் அதே கணக்கைத்தான் நம்புகிறது. இன்டெக்ஸ் கட்டும் நேரத்தில் யாராவது ஒரு பதிவை அப்டேட் செய்தால், கட்டுபவர் பார்க்க வேண்டிய பழைய பதிப்பு அவர் பார்க்கும் முன்பே துடைக்கப்பட்டுவிடும். கடைசியில் அந்த மேம்பாட்டையே திரும்ப எடுத்துவிட்டார்கள்.

ரிக்ரெஷன் டெஸ்டுகள் (பழைய வசதிகள் கெடவில்லை என்று உறுதி செய்யும் சோதனைகள்) எல்லாம் பாஸ் ஆகித்தான் 14 வெளியானது. இன்டெக்ஸ் கட்டும் கோடும் (நிரலும்) துப்புரவுக் கோடும் அந்த டெஸ்டுகளில் தினமும் ஓடுபவை. டெஸ்டுகளில் எந்தெந்த வரிகள் ஓடின என்று காட்டும் கவரேஜ் அறிக்கையில் அவை ஓடிய வரிகளாகத்தான் தெரியும். இரண்டும் குறிப்பிட்ட ஒரு வரிசையில் மோதும் நிலையைத்தான் டெஸ்டுகள் கேட்டுப் பார்க்கவில்லை.

கவரேஜ் எண்ணை இலக்காக வைத்து வேலை செய்யும் குழுக்கள் நம்மிடையே நிறைய. '80 சதவீதம் தாண்டினால்தான் மெர்ஜ்' என்ற விதி பல இடங்களில் உண்டு. அந்த எண் சொல்வது இவ்வளவுதான்: இந்த வரி வழியாக ஒருமுறையாவது யாரோ நடந்துபோனார்கள். கதவைக் கடந்து போனவரெல்லாம் பூட்டை இழுத்துப் பார்த்தவர் ஆகிவிட மாட்டார். தரவுத்தளத்தில் இந்த வித்தியாசம் மற்ற மென்பொருளைவிடக் கடுமையாக வலிக்கும், ஏனென்றால் இங்கே தவறு தரவாகவே மாறி டிஸ்கில் உட்கார்ந்துவிடும். பக்கைச் சரிசெய்தாலும் கெட்டுப்போன தரவு தானாகச் சரியாகாது.

அதற்காக கவரேஜ் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போஸ்ட்கிரஸை 'எனேபிள்-கவரேஜ்' தேர்வோடு கட்டி, 'மேக் செக்-வேர்ல்ட்' ஓட்டி, அப்புறம் 'மேக் கவரேஜ்-ஹெச்டிஎம்எல்' கொடுத்தால், ஜிகோவ், எல்கோவ் என்ற கவரேஜ் கருவிகளின் உதவியோடு ஒவ்வொரு சி கோப்பும் நிறம் பூசி வந்து நிற்கும். ஓடாத வரிகள் சிவப்பாகத் தெரியும். இந்த அறிக்கையை 'இங்கே யாருமே போனதில்லை' என்று காட்டும் வரைபடமாகப் படித்தால் நிறையப் பலன் உண்டு.

எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல. போஸ்ட்கிரஸ் கோடில் எர்ரர் எழுப்ப இரண்டு வழிகள் இருக்கின்றன. 'ஈலாக்' என்பது நடக்கவே கூடாத உள்நிலைப் பிழைகளுக்கு. 'ஈரிப்போர்ட்' பயனர் கண்ணில் படக்கூடிய பிழைகளுக்கு. ஈலாக் வரி சிவப்பாக இருந்தால் நான் பெரும்பாலும் கடந்துபோய்விடுவேன். அதை ஓடவைக்க வேண்டுமானால் தரவையே கெடுக்க வேண்டியிருக்கும். ஈரிப்போர்ட் சிவப்பாக இருந்தால் அங்கே நிற்க வேண்டும். ஒரு பயனர் தவறான உள்ளீடு கொடுக்கும்போது நடப்பதை இதுவரை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். முதல் பேட்ச் எழுத நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். ஜிகோவ் தன் எண்ணிக்கையை புராசஸ் முறையாக முடியும்போதுதான் கோப்பில் எழுதும். கிராஷைப் போலவே நடக்கட்டும் என்று டெஸ்டில் சர்வரை 'இமீடியட்' முறையில் நிறுத்தினால், அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்த புராசஸ்களின் எண்ணிக்கை தொலைந்துவிடும். ரிகவரி சார்ந்த பகுதிகளில் சிவப்பைப் பார்த்ததும் டெஸ்டே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

சரி, மோதல்களை எப்படிச் சோதிப்பது? போஸ்ட்கிரஸின் சாதாரண ரிக்ரெஷன் டெஸ்ட் எளிமையானது: எஸ்கியூஎல் கோப்பை ஓட்டி, வந்த வெளியீட்டை ஏற்கெனவே சரிபார்த்து வைத்த வெளியீட்டோடு வரிக்கு வரி ஒப்பிடும். ஒரே செஷனுக்குள் நடப்பதற்கு இது போதும். இரண்டு மூன்று செஷன்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதைச் சோதிக்க ஐசொலேஷன் டெஸ்டர் இருக்கிறது. அதில் ஒவ்வொரு செஷனின் படிகளையும் தனித்தனியாக எழுதி, எந்த வரிசையில் அவை பின்னிக்கொள்ள வேண்டும் என்று 'பெர்முட்டேஷன்' வரியில் சொல்லலாம். ஒரு படி லாக்குக்காகக் காத்திருந்தால் அதையும் வெளியீட்டிலேயே காட்டும்.

இதன் அருமையை 2020-இல் நடந்த ஒன்று காட்டியது. அந்த ஆண்டு ஜூனில் ஜெப்சன் என்ற சோதனைத் திட்டம் போஸ்ட்கிரஸ் 12.3-ஐ ஆராய்ந்து, பரிவர்த்தனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியதைப் போன்ற விளைவை உறுதி தரும் சீரியலைசபிள் நிலையில் நடக்கவே கூடாத ஒரு முரண்பாடு நடப்பதைக் காட்டியது. ஒரு பரிவர்த்தனை பதிவைச் சேர்க்கிறது. அதே காலத்தில் ஓடும் இன்னொன்று அந்தப் பதிவை அப்டேட் செய்கிறது. மூன்றாவது பரிவர்த்தனை படிக்கிறது. படிப்பவருக்கும் சேர்த்தவருக்கும் இடையே மோதல் இருப்பதைக் கோடு கவனிக்கத் தவறியது. இந்தப் பிழை 2011-இல் 9.1 வந்த நாளிலிருந்தே உள்ளே இருந்தது. அத்தனை வருடமும் அந்த ஃபங்ஷன் ஒவ்வொரு டெஸ்ட் ஓட்டத்திலும் ஓடித்தான் இருக்கிறது. திருத்தம் ஆகஸ்டில் 12.4-ஓடு வந்தது. அந்தத் திருத்தத்தோடு 'அப்டேட்-கான்ஃப்ளிக்ட்-அவுட்' என்ற ஐசொலேஷன் டெஸ்டும் சேர்ந்தது. கவரேஜ் சதவீதத்தை அது கண்ணுக்குத் தெரியும்படி உயர்த்தியிருக்காது. என் பார்வையில், சதவீதத்தை ஒரு புள்ளி ஏற்றும் நூறு டெஸ்டுகளைவிட அந்த ஒரு கோப்பு மதிப்பு மிக்கது.

எஸ்கியூஎல் கட்டளைகளின் எல்லையில் நிற்காமல், ஒரு சி ஃபங்ஷனின் நடுவே புராசஸை நிறுத்த வேண்டிய மோதல்களும் உண்டு. முன்பு அதற்கு டீபக்கரைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அதைத் தானியங்கி டெஸ்டாக்க நல்ல வழி இல்லை. 2024-இல் வந்த 17-ஆம் பதிப்பில் 'இன்ஜெக்‌ஷன் பாயிண்ட்' வசதி சேர்ந்தது. கோடில் பெயர் வைத்த ஓர் இடத்தில் 'இங்கே காத்திரு' என்று டெஸ்டிலிருந்தே சொல்லலாம், வேண்டியபோது எழுப்பலாம். தனித் தேர்வு கொடுத்துக் கட்டினால்தான் இது உள்ளே வரும், பயனர் ஓட்டும் சர்வரில் சுமை ஏறாது.

டெஸ்ட் எழுதுவது பாதி வேலை. அது ஆண்டுக்கணக்கில் நிலைத்து ஓட வேண்டும். போஸ்ட்கிரஸின் பில்ட்ஃபார்ம் 2004 முதல் இயங்குகிறது. தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை விலங்குப் பெயர்களோடு பதிவு செய்து, பல இயங்குதளங்களிலும் கம்பைலர்களிலும் டெஸ்டுகளை ஓட்டுகிறார்கள். உங்கள் லேப்டாப்பில் பாஸ் ஆனது அங்கே எங்கோ ஒரு விலங்கிடம் தோற்கும். பெரும்பாலான காரணங்கள் சின்னவை. 'ஆர்டர் பை' இல்லாத செலக்ட், பிளான் மாறினால் வேறு வரிசையில் பதிவுகளைத் தரும். 'எக்ஸ்பிளைன்' வெளியீட்டில் காஸ்ட் எண்களை விட்டுவைத்தால் அவை கணினிக்குக் கணினி மாறும். எழுத்துகளின் வரிசை லொகேலைப் பொறுத்தது. புதிய ரோல் (தரவுத்தளப் பயனர் கணக்கு) உருவாக்கினால் பெயர் 'ரிக்ரெஸ்' என்று தொடங்க வேண்டும், இல்லையென்றால் ஏற்கெனவே நிறுவிய சர்வரில் ஓட்டுபவரின் ரோலோடு மோதலாம். முக்கியமாக, 'இரண்டு நொடி தூங்கு' என்று எழுதாதீர்கள். மெதுவான கணினியில் இரண்டு நொடி போதாது, வேகமான கணினியில் அது முழுக்க வீண். எந்த நிலை வர வேண்டுமோ அது வந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக் காத்திருக்க, பெர்ல் மொழியில் எழுதும் 'டாப்' டெஸ்டுகளில் தயாராகவே ஃபங்ஷன் இருக்கிறது.

நேரமும் பெரிய விஷயம். கேஷை ஓயாமல் காலி செய்துகொண்டே டெஸ்ட் ஓட்டும் விலங்குகள் பில்ட்ஃபார்மில் உண்டு. உங்கள் கணினியில் அரை நொடி பிடிக்கும் டெஸ்ட் அங்கே பல மடங்காகும். எனவே புதிய கோப்பு தொடங்கும் முன், இருக்கிற டெஸ்டில் இரண்டு வரி சேர்த்து அதே நிலையைத் தொட முடியுமா என்று பாருங்கள். அதேபோல, ரிக்ரெஷன் டெஸ்ட் முடிவில் டேபிள்கள் ட்ராப் ஆகாமல் கிடப்பதைப் பார்த்து அவசரமாகச் சுத்தம் செய்துவிடாதீர்கள். மிச்சம் இருக்கும் அந்த டேபிள்களை வைத்துத்தான் பழைய பதிப்பிலிருந்து புதியதுக்கு மாற்றும் 'பிஜி_அப்கிரேட்' கருவியின் சோதனை, அப்கிரேடுக்கு முன்னும் பின்னும் எடுத்த டம்ப்களை ஒப்பிடுகிறது.

நூறு சதவீதமே எட்டினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு எஸ்கியூலைட் என்ற இன்னொரு தரவுத்தளம் நேரடியான பதில். 2023 மே மாதம் வந்த 3.42.0 கணக்குப்படி, சுமார் 1,55,800 வரி சி கோடுக்கு அதைப்போல 590 மடங்கு டெஸ்ட் கோடு இருக்கிறது. ஒவ்வொரு நிபந்தனையும் தனியாக முடிவை மாற்றுகிறதா என்று பார்க்கும் எம்சி/டிசி அளவுகோலிலும் 100 சதவீதம். நினைவகம் கேட்கும் முதல் அழைப்பைத் தோற்கடித்து, அடுத்து இரண்டாவதை, அடுத்து மூன்றாவதை என்று வரிசையாகச் சோதிக்கிறார்கள். இவ்வளவு இருந்தும், ஜூரிச்சின் இடிஹெச் பல்கலைக்கழகத்தில் மானுவேல் ரிகரும் ஜெண்டாங் சுவும் 2020-இல் வெளியிட்ட முறை அதில் பல தர்க்கப் பிழைகளைக் கண்டுபிடித்தது. முறை அழகானது: ஏதோ ஒரு பதிவை எடுத்துக்கொள், அந்தப் பதிவுக்கு நிச்சயம் உண்மையாகும் ஒரு 'வேர்' (WHERE) நிபந்தனையைத் தானாக உருவாக்கு, விடையில் அந்தப் பதிவு வருகிறதா பார். வராவிட்டால் பக். எந்த வரி ஓடியது என்று கேட்காமல் விடை சரியா என்று மட்டும் கேட்கும் டெஸ்ட் இது.

பேட்ச் ரெவியூவில் நான் முதலில் பார்ப்பதும் இதையொட்டியதுதான். திருத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு, புதிய டெஸ்டை மட்டும் வைத்து ஓட்டுவேன். அப்போதும் பாஸ் ஆனால் அந்த டெஸ்ட் எதையும் காக்கவில்லை. திருத்தம் எதுவும் இல்லாத, கவரேஜ் கூட்ட மட்டும் வரும் பேட்ச் என்றால், அது தொடும் கோடில் 'சிறியது' என்ற குறியை 'சிறியது அல்லது சமம்' என்று மாற்றுவேன், அல்லது ஒரு லாக் எடுக்கும் வரியை கமென்ட் செய்வேன். அப்படிக் கெடுத்தும் டெஸ்ட் கண்டுகொள்ளவில்லை என்றால், எந்த மாற்றம் தப்பிப்போனது என்று ரெவியூவில் எழுதி எழுதியவருக்கே திருப்பி அனுப்புகிறேன். பெரும்பாலும் அடுத்த பதிப்பில் டெஸ்டின் நீளம் குறைந்து, கேள்வி கூர்மையாகி வருகிறது.