நெடுந்தீவுக் குதிரைக்குப் பாண் வேண்டாம்

நெடுந்தீவுக்குப் போகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறும்போதே சிலருடைய கையில் பாண் பை இருக்கும். "குதிரைக்குக் குடுக்கத்தான் டொக்டர், பாவம், எலும்பும் தோலுமாய் நிக்குதுகளாம்" என்பார்கள். அந்த இரக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கால்நடை வைத்தியராகத் தீவுப் பக்கம் போய்வரும் எனக்கு அந்தப் பையைக் கண்டால் நெஞ்சு பதறும்.

ஒரு கோடையில் தரவைப் புல்வெளியில் ஒரு பெட்டைக் குதிரை விழுந்து புரளுகிறது என்று கூப்பிட்டார்கள். நான் போனபோது அது எழும்பி நின்று வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. முன்னங்காலால் நிலத்தைக் கிளறியது. உடம்பெல்லாம் வியர்வை. பக்கத்தில், சுற்றிப் பார்க்க வந்த ஒரு கூட்டம் மதியச் சாப்பாட்டு மிச்சத்தைக் குவியலாகக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. காட்டுக் குதிரை ஆளை அண்ட விடாது. கயிறு போட்டுப் பிடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. பொழுது சாய அது செத்தது. வயிற்றை அறுத்துப் பார்த்தேன். இரைப்பை சோற்றால் புடைத்துக் கிழிந்திருந்தது. குடலுக்குள் ஒரு சொப்பிங் பை.

மாட்டைப் போலத்தான் குதிரையும் என்று நினைப்பதுதான் பிழை. மாட்டின் அசைபோடும் வயிறு 100 லீற்றருக்கு மேல் கொள்ளும். பெரிய குதிரையின் இரைப்பைகூட 8 முதல் 15 லீற்றர்தான். நெடுந்தீவின் மட்டக்குதிரைக்கு இன்னும் குறைவு. அதோடு குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மேலே வர வழியில்லை. புல்லின் நார் செரிப்பதெல்லாம் கடைசியில், குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் இருக்கிற நுண்ணுயிர்களால். பாணும் சோறும் மாச்சத்து. அளவுக்கு மிஞ்சினால் சிறுகுடலில் செரிக்காமல் அங்கே போய்ப் புளித்து, அமிலமாகி, அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். வயிற்றுக்குத்து வரும். சிலவற்றுக்குக் குளம்புக்குள் வீக்கம் வந்து நடக்கவே முடியாமல் போகும்.

"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று குதிரையைப் பற்றிப் பழமொழி சொல்வோம். அது வண்டி இழுத்த குதிரையின் கதை. வேலை செய்கிற குதிரைக்கு அந்தச் செறிவான தீன் தேவைப்பட்டது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்த குதிரைகளின் வழியில் வந்து, இன்று தன்பாட்டில் திரியும் நெடுந்தீவுக் குதிரைக்கு வேண்டியது தரவையில் இருக்கிற அறுகும் கோரையும் உப்புநிலப் புல்லும்தான். சத்துக் குறைந்த தீன், ஆனால் நாள் முழுக்க. பதினைந்து பதினாறு மணி நேரம்கூட மேயும். தின்னாவிட்டாலும் அதன் இரைப்பையில் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும், அதனால் வயிறு நெடுநேரம் வெறுமையாகக் கிடக்கக்கூடாது. 200 கிலோக் குதிரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 கிலோ உலர்தீன் தின்னும். பச்சைப்புல் என்றால் அது 16 கிலோவுக்கு மேல்.

இந்தக் கணக்கில்தான் கோடையின் கொடுமை இருக்கிறது. மாரியில் புல்லிலேயே முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். குதிரை அதைத் தின்னும்போதே பாதித் தாகம் தீர்ந்துவிடும். சோளகக் காற்று அடித்துத் தரவை காய்ந்த பிறகு புல்லில் ஈரமே இல்லை. வெயில் ஏறி உடம்பு அதிகம் கேட்கிற நேரத்தில்தான் கேணியும் துரவும் வற்றுகின்றன. காய்ந்த புல்லைத் தண்ணீரில்லாமல் தின்றால் குடலில் அடைபடும். புல் கட்டையாகப் போனால் மண்ணையும் சேர்த்துக் கடிக்கும். நான் புதுச் சாணத்தைத் தண்ணீர்ப் போத்தலில் கரைத்துச் சற்று நேரம் வைப்பேன். அடியில் மணல் படிந்தால் குடலிலும் மணல் என்று அர்த்தம். ஆக, அந்த எலும்பு தெரிவதற்குப் பெரும்பாலும் பாண் மருந்தல்ல, தண்ணீர்தான் மருந்து.

வேறு நாட்டுக் காட்டுக் குதிரைகளும் இப்படித்தான். மொங்கோலியாவின் புல்வெளிக் குதிரைகள் பனியைக் குளம்பால் கிண்டி அடியில் உள்ள புல்லைத் தின்னும். அமெரிக்காவின் அசற்றீக் தீவில் கடற்கரை உவர்ப்புல்லைத் தின்பவை, உப்பின் காரணமாக அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்து வயிறு உப்பித் தெரியும். அங்கே அவற்றுக்குத் தீன் கொடுப்பதே சட்டப்படி தடை.

நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சரி, போகிறவர்கள் என்ன செய்யலாம்? கொண்டுபோன பொலித்தீனையும் சாப்பாட்டு மிச்சத்தையும் திரும்பப் படகில் கொண்டுவாருங்கள். கோடையில் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஊரவர் முயற்சி எடுத்தால் அதற்குக் கை கொடுங்கள். குதிரைக்குக் கிட்டப் போய்ப் படம் எடுக்காதீர்கள், குட்டியோடு நிற்கிற தாயைத் துரத்தாதீர்கள். அந்த ஓட்டத்தில் உடம்பில் மிச்சமிருக்கிற நீரும் வியர்வையாகப் போய்விடும். படுத்துப் புரளுகிற, வயிற்றைத் திரும்பிப் பார்க்கிற குதிரையைக் கண்டால் உடனே வனஜீவராசிகள் அலுவலர்களிடம் சொல்லுங்கள். அப்படிச் சொல்லும்போது, அது கடைசியாகச் சாணம் போட்டது எங்கே, சாணம் உருண்டையா சளியா என்றும் பார்த்துச் சொன்னால் எங்களுக்கு அரை மணி நேரம் மிச்சம்.