எலிக்குச் சர்க்கரை குறைந்தது சரி, மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்?

"சார், நீங்க எலிக்குக் கொடுத்த அதே இலையைத்தான் ஒரு மாசமா கஷாயம் வச்சுக் குடிக்கிறேன். சர்க்கரை நோய்க்குப் போடுற மெட்ஃபார்மின் மாத்திரையை விட்டுட்டேன்." தெரிந்தவர் ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூலிகை இலைச் சாற்றை எலிகளில் சோதிப்பது என் வேலை. ஆனால் நான் எலிக்குக் கொடுத்ததும் அவர் குடித்ததும் ஒன்றே அல்ல.

இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து எத்தனாலில் ஊறவைப்போம். வடிகட்டி, எத்தனாலை ஆவியாக்கி எடுத்தால், குடுவையின் அடியில் கரும்பச்சையாகத் தார் போல ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். நாங்கள் சாறு என்பது அதைத்தான். தண்ணீரில் இறங்காத பொருள்கள் பலவும் அதில் இருக்கும். கஷாயத்தில் அவை அப்படியே வந்துவிடும் என்று சொல்ல முடியாது.

அப்புறம் அளவு. கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்றால், 200 கிராம் எடையுள்ள எலிக்கு 80 மில்லிகிராம். முனை உருண்டையான ஊசியை வாய் வழியாக இரைப்பை வரை மெல்ல இறக்கிக் கொடுப்போம். கிலோவுக்கான அந்த 400 மில்லிகிராமை மனிதருக்குக் கணக்கிட 6.2ஆல் வகுப்பது வழக்கம். 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினமும் ஏறத்தாழ 4 கிராம் சாறு வரும். நூறு கிராம் காய்ந்த இலையில் பத்து கிராம் சாறு கிடைப்பதாக வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 40 கிராம் காய்ந்த இலை! அதுவும் காகிதக் கணக்குத்தான். அந்த அளவை மனிதர் யாரும் சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

எலியின் நோயும் வேறு. ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தை ஊசியில் ஏற்றி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை நாங்களே அழிக்கிறோம். மூன்று நாளில் சர்க்கரை ஏறிவிடும். பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல வளரும் மனிதரின் சர்க்கரை நோய் அப்படி வருவதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒப்பிடுவதற்காகப் பெரும்பாலும் கொடுக்கப்படும் கிளைபென்கிளமைட் என்ற சர்க்கரை நோய் மாத்திரை, மிச்சமிருக்கும் பீட்டா செல்களைத் தூண்டித்தான் வேலை செய்யும். அந்தச் செல்களையே அழித்த பிறகு அது எப்படி முழு பலத்தைக் காட்டும்? "மாத்திரைக்கு நிகரான இலை" என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் உறுத்துகிறது.

"பக்கவிளைவு இல்லை என்று நிரூபணம்" என்பார்கள். ஒரே ஒரு முறை கிலோவுக்கு 2000 மில்லிகிராம் கொடுத்து, 14 நாள் கவனித்து, எலி சாகவில்லை என்பதுதான் பல ஆய்வுகளில் அதன் பொருள். மெதுவாக வரும் கேடு அதில் தெரியாது. ஆடுதின்னாப்பாளை இனச் செடிகள் காலங்காலமாக மருந்தாகப் பயன்பட்டவை. அவற்றிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் வரவழைக்கும் என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது.

இலையில் மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது என்று நம்பித்தான் தினமும் ஆய்வகத்துக்குப் போகிறேன். கேலிகா என்ற செடியிலுள்ள கேலிஜின் சர்க்கரையைக் குறைத்தது. நச்சுத்தன்மையால் அதைக் கைவிட்டார்கள். அதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருளை 1922இல் உருவாக்கினார்கள். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு வெளிவந்தது 1957இல். அந்தப் பொருள்தான் மெட்ஃபார்மின், நண்பர் நிறுத்திய அதே மாத்திரை. ஆறு ஆறு எலிகளாகப் பிரித்து நான் செய்யும் சோதனை, அந்த நீண்ட பாதையின் முதல் சில அடிகள் மட்டுமே.

இதையெல்லாம் சொன்னதும் அவர் மறுநாளே மருத்துவரிடம் போனார். சர்க்கரை ஏறித்தான் இருந்தது. மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்ன மருத்துவர், கஷாயம் வைத்த இலையின் பெயரையும் கேட்டுச் சீட்டில் குறித்துக்கொண்டாராம். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடவும் கூடும் என்பதால், இப்போதைக்குக் கஷாயத்தை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்.