கண் கேமராவில் இருந்தால் கால் நகரக் கூடாது

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் ஊரார் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், அவற்றின் நடுவே கைவிடப்பட்ட ஈய லம்பக் (சுரங்கக்) குட்டைகள், ஒரு பக்கம் சிலாங்கூர் ஆறு, இன்னொரு பக்கம் ராஜா மூசா சதுப்புநிலக் காடு. இங்கே திருமணப் படங்கள் எடுத்துப் பிழைப்பவன் நான். பறவைகளையும் விலங்குகளையும் படமெடுக்க விரும்பும் இளையோருக்கு நெடுநாளாகக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். பழைய கேமராவும் நீண்ட லென்சும் இப்போது கைக்கெட்டும் விலையில் கிடைப்பதால், சனி ஞாயிறு விடியலில் தோட்டத்துச் செம்மண் சாலைகளில் நம் பிள்ளைகளை நிறையவே காண முடிகிறது. அது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அவர்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்ற கவலையும் அதே அளவுக்கு உண்டு.

என்னிடம் வரும் எவருக்கும் முதலில் சொல்வது இதுதான்: கண் கேமராவில் இருக்கும்போது கால் நகரக் கூடாது. நடக்க வேண்டுமா, கேமராவை இறக்குங்கள். படமெடுக்க வேண்டுமா, நில்லுங்கள். 600 மில்லிமீட்டர் லென்ஸ் வழியே பார்ப்பவருக்குத் தெரிவது ஏறக்குறைய 4 பாகை அகலமுள்ள உலகம் மட்டும். பறவையின் கண்ணிமை தெரியும்; தன் காலடியில் இருப்பது தெரியாது. நான் கண்ட, கேட்ட விபத்துகளில் பெரும்பாலானவை இன்னும் இரண்டடி முன்னே போனால் படம் நன்றாக வரும் என்று நினைத்த அந்த நொடியில் நடந்தவை.

எங்கள் ஊரில் இதற்கு மிகக் கொடிய இடம் லம்பக் குட்டைகள்தான். ஈய மண்ணைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவிய காலத்தில் கனமான மணல் அருகிலேயே படிந்தது. மாவு போன்ற நுண்ணிய சேறு தூரத்தில் போய்த் தங்கியது. அந்தச் சேற்றுத் திட்டின் மேல்தோல் வெயிலில் காய்ந்து வெடித்து, கட்டாந்தரை போலவே தோன்றும். புல்கூட முளைத்திருக்கும். கீழே பல ஆண்டுகளாக உலராத குழம்பு. கரையும் படிப்படியாகச் சரியாது; சில இடங்களில் ஓரடி வைத்தாலே ஆழம். செந்நாரையைத் தொடர்ந்து போன ஓர் இளைஞர் இடுப்புவரை புதைந்தார். உடன் வந்த நண்பர் செம்பனை மட்டை ஒன்றை நீட்டி, அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லி, மெல்ல இழுத்து வெளியே கொண்டுவந்தார். லென்ஸ் போனது, உயிர் மிஞ்சியது. அவர் தனியாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே எனக்கு விருப்பமில்லை. குட்டைக்குத் தனியே போகாதீர்கள். வெள்ளை மணல் தெரியும் பக்கத்திலிருந்து மட்டும் நெருங்குங்கள். சாம்பல் நிறத் தரை தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். கையிலுள்ள கம்பால் முதலில் மண்ணைக் குத்திப் பார்த்த பிறகே அடுத்த அடி.

செம்பனைக்குள் வேறு கணக்கு. அங்கே பழம் உண்டு, பழத்துக்காக எலி உண்டு, எலிக்காகப் பாம்பு உண்டு. வெட்டிய மட்டைகளை வரிசையாக அடுக்கிவைக்கும் இடம் பாம்புகள் விரும்பித் தங்கும் இடம். மட்டை அடுக்கின் மேல் ஏறி நின்று படமெடுப்பதை என் கண்ணெதிரே யார் செய்தாலும் கீழே இறக்கிவிடுவேன். தரையோடு தரையாகப் படுத்துச் சிறு பூச்சிகளைப் படமெடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் நாட்டில் நஞ்சைத் துப்பும் நாகம் உண்டு. படுத்திருப்பவரின் முகமும் அதன் தலையும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. கண்ணில் நஞ்சு பட்டால் தேய்க்காதீர்கள். சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கண்ணில் ஊற்றிக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். குடிப்பதற்கு ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துச் செல்லும் பிள்ளைகளிடம் கழுவுவதற்கும் ஒரு போத்தல் எடுத்துச் செல்லச் சொல்வது இதற்காகத்தான்.

கடித்துவிட்டால், பழைய தோட்டப் பழக்கத்தில் துணியை இறுக்கிக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் இன்றும் நடக்கின்றன. மூன்றும் கெடுதல். மோதிரம், கைக்கடிகாரம் போன்றவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட உறுப்பை ஆட்டாமல் வைத்து, 999-ஐ அழையுங்கள். அல்லது நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. கடிக்கும் முன் எடுத்த படம் கேமராவில் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த முறிமருந்து என்று முடிவெடுக்க அது உதவும். படம் இல்லையென்றால், அதை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

அறுவடை நடக்கும் பக்கம் போகவே வேண்டாம். நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் உச்சியிலிருந்து வெட்டி விழுத்தும் குலை இருபது கிலோவுக்கும் மேல் இருக்கலாம். மட்டையின் இரு ஓரமும் முள். வெட்டுபவர் அண்ணாந்து மரத்தைப் பார்க்கிறார், நீங்கள் லென்சுக்குள் பறவையைப் பார்க்கிறீர்கள். ஒருவரையொருவர் யாருமே பார்ப்பதில்லை. தோட்டம் தனியார் நிலம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். கேட்டவர்களை எந்த நிர்வாகியும் வெறுங்கையோடு அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. எந்தப் பிளாக்கில் இன்று வெட்டு, எங்கே மருந்து அடிக்கிறார்கள் என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம். வாசலில் காவல் இருக்கும் ஜாகாவிடம் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணிகள் தோட்டத்து ஓரங்களில் மறைந்திருப்பதுண்டு. நம் காலும் அதில் மாட்டும். தாப்பிரும் கரடியும் மாட்டிச் சாகின்றன. கண்டால் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தெரிவியுங்கள்.

குளவிக் கூட்டைக் கண்டால் கையை வீசாமல், ஓசை எழுப்பாமல், வந்த வழியே பின்வாங்குங்கள். பல கொட்டுகள் வாங்கியவர் வலி குறைந்துவிட்டது என்று வீட்டில் படுத்துவிடக் கூடாது; சிறுநீரகம் பின்னால் பாதிக்கப்படலாம். இடி கேட்டால் திறந்த வெளியையும் குட்டைக் கரையையும் விட்டு வாகனத்துக்குள் போய்விடுங்கள். நம் ஊர் மாலை மழையில் இதற்கு விவாதமே தேவையில்லை.

ஒன்றை மட்டும் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஆபத்து வீட்டுக்கு வந்த பிறகே தொடங்குகிறது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் ஈர மண்ணிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் உள்ள சிறு கீறலே அதற்குப் போதும். புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி வகை ஒன்று கடிப்பதால் வரும் உண்ணிக் காய்ச்சலும் உண்டு; கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு தோன்றலாம், இடுப்புப் பட்டைக்கடியிலோ அக்குளிலோ இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. இரண்டும் சில நாள்கள் கழித்தே காய்ச்சலாக வெளிப்படும். எலிக்காய்ச்சலுக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் நாம் தோட்டத்துக்குப் போனதையே மறந்திருப்போம். நம் நாட்டில் காய்ச்சல் என்றதும் எல்லாரும் டெங்கியைத்தான் நினைப்பார்கள். ஆகவே மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: செம்பனைத் தோட்டத்தில் தரையில் படுத்தேன், குட்டைத் தண்ணீரில் கால் வைத்தேன் என்று. இரண்டு நோய்க்கும் மருந்து இருக்கிறது. நேரத்தோடு கொடுக்க வேண்டும். முழங்கால்வரை பூட்சு, முழுக்கை உடை, வீடு திரும்பியதும் சோப்புக் குளியல், உடனே துணி துவைத்தல் ஆகியவற்றைப் பெற்றோரும் வலியுறுத்த வேண்டும்.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஏன் போக வேண்டும் என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் அவர்களுக்குக் கூகை என்னும் ஆந்தையின் படங்களைக் காட்டுவேன். எலியைக் கட்டுப்படுத்தப் பல தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியமர்த்துகிறார்கள். நஞ்சு குறைவாக வைக்கும் தோட்டத்தில் அவை நன்றாகப் பெருகும். நஞ்சு தின்ற எலியை உண்டால் கூகையும் சாகும். எங்களிடம் படித்த ஒரு பெண், ஒரே பெட்டியை மாலை மாலையாகத் தொலைவிலிருந்து, ஃபிளாஷ் இல்லாமல், அந்தி வெளிச்சத்தில் மட்டும் படமெடுத்தாள். இதய வடிவ வெள்ளை முகம், அலகில் தொங்கும் எலி, பெட்டி வாசலில் முண்டியடிக்கும் குஞ்சுகள். அந்தப் படங்களைத் தமிழ்ப்பள்ளியில் மாட்டிவைத்தோம். ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று சொல்லி வளர்ந்த, லயத்து வீட்டில் பிறந்த மூதாட்டி ஒருவர் வெகுநேரம் பார்த்தார். "இந்தப் பிள்ளையையா நான் கல்லால் அடித்து விரட்டினேன்?" என்று கேட்டார். படம் எடுப்பதால் கிடைக்கும் பலன் எதுவென்று என்னைக் கேட்டால், அந்தக் கேள்வியைத்தான் சொல்வேன். எந்தப் போட்டிப் பரிசும் எனக்கு அதற்கு ஈடில்லை.

சிலாங்கூர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாகச் சேர்ந்து மின்னுகின்றன. அங்கே ஃபிளாஷுக்குத் தடை. கைப்பேசித் திரையின் வெளிச்சத்தையும் மறைத்துக்கொள்ளுங்கள். மின்மினிகளின் ஒளிதான் அவை துணையை அழைக்கும் மொழி.

அசையாமல் நிற்கும் பழக்கம் நம்மைக் காப்பதுபோலவே எதிரே இருக்கும் உயிரையும் காக்கிறது. கூட்டின் முன் இலையை ஒடித்து வழி செய்யாதீர்கள். அந்த இலைதான் குஞ்சுக்கு நிழல், காக்கையின் கண்ணிலிருந்து மறைப்பு. இந்தக் காக்கைகளே 1890-களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டவை. இன்று கூடு தேடித் திரிகின்றன. பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு இழுப்பதும் வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று அது குஞ்சை விட்டுவிட்டு வந்து போராடுகிறது. முராய் பத்து, பாராவ் பாராவ் போன்ற பாடும் பறவைகளைக் கூண்டுக்காகப் பிடிப்பவர்கள் இணையத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். படத்தோடு இடப்பெயரைப் போடாதீர்கள். கைப்பேசிக் கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்து வையுங்கள். பாராவ் பாராவ் இன்று உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை. அது பாடும் இடத்தை ஊருக்குச் சொல்வது அதைக் காட்டிக்கொடுப்பதேயாகும்.

இப்போதைக்கு ஓர் அவசர வேண்டுகோள் உண்டு. நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான்கள் ஆண்டின் முற்பகுதியில் கூடமைக்கத் தொடங்குகின்றன. அவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. லம்பத்து மணல் தரையில் சாய்வாக வளை தோண்டி, உள்ளே முட்டையிடுகின்றன. மேலிருந்து பார்த்தால் எலி வளை போலத்தான் தெரியும். மோட்டார் சைக்கிளையும் காரையும் மணல்மேல் ஏற்றாமல் செம்மண் சாலையிலேயே நிறுத்துங்கள். தட்டானைக் கவ்விக்கொண்டு கம்பியில் உட்கார்ந்திருக்கும் பறவை, வளைக்குள் போகாமல் வாலை ஆட்டிக்கொண்டே இருந்தால், நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள் என்று பொருள். கேமராவை இறக்கி, பின்னால் பார்த்து, பத்துப் பதினைந்து அடி தள்ளிப் போங்கள். அது உள்ளே நுழைந்த பிறகு, அந்தத் தூரத்திலிருந்தே எடுங்கள்.