கிட்டங்கி: சரக்கு போய் வட்டிக்கடை வந்த சொல்

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களிடம் ‘கிட்டங்கி’ என்று சொன்னால் மூட்டை முடிச்சு நினைவுக்கு வராது, வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்தான் வருவார். அகராதியில் அதன் பொருளோ சரக்கு வைக்கும் இடம்.

கிட்டங்கி, கிடங்கு இரண்டுக்கும் வேர் ‘கிட’. பண்டம் கிடக்கும் இடம். பழந்தமிழில் கிடங்கு என்றால் அகழியும்கூட. தெலுங்கிலும் கிட்டங்கி உண்டு, மலாய் மொழியில் குடாங். ஆங்கிலேயரின் ‘கோடவுன்’ மலாய் வழியாகப் போனது, அதற்கும் மூலம் தென்னிந்தியச் சொல்லாக இருக்கலாம் என்று 1886இல் வந்த, யூல், பர்னல் தொகுத்த ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியே சொல்கிறது. கீழே இறங்கிப் போய்ச் சரக்கு வைப்பதால் ‘கோ டவுன்’ என்பது சும்மா கதை.

சரி, செட்டியார் எப்படி உள்ளே வந்தார்? தெலுக் இந்தான், தெலுக் ஆன்சன் என்ற பழைய பெயரில் ஆற்றுத் துறைமுகமாக இருந்தது. 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து ரயிலும் வந்தது. சரக்கு புழங்கும் ஊரில் கடனும் புழங்கும். பினாங்கு, சிங்கப்பூர் போன்ற ஊர்களில் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பலர் சேர்ந்து ஒரே கடைவீட்டை வாடகைக்குப் பிடித்து அங்கேயே தொழில் நடத்தினார்கள். அதற்கும் கிட்டங்கி என்றே பெயர்.

அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் நீளமான கூடம். சுவரோரம் வரிசையாக மரப்பெட்டிகள். ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு கணக்கேடு, அவ்வளவுதான் ஒரு கடை. பக்கத்துப் பாயில் இன்னொரு விலாசம் (கடைப் பெயர்), இன்னொரு முதலாளி. பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிநிலை. மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊருக்குத் திரும்பலாம். குடும்பத்தைக் கூட்டி வருவது வழக்கமில்லை. சமையல் பொது, படுக்கையும் அங்கேயே. கணக்கேட்டைத் தவிர அங்கே கிடந்தது ஆட்கள்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. பலர் நினைப்பதுபோல் அது வெறும் விடுதியும் அல்ல.

தோட்டத்து ‘ஸ்டோர்’ வேறு. ரப்பர் பாலை நிறுத்து, உறையவைத்து, ஷீட்டாக்கி வைக்கும் இடம் அது. அது இந்தக் கிட்டங்கி அல்ல.

ஆக, தமிழில் என்ன எழுதலாம்? வெறும் சரக்கு வைக்கும் கட்டடத்துக்குக் கிடங்கு போதும். பெரிதாக, பல பண்டங்களோடு இருந்தால் பண்டகசாலை. ‘குடோன்’ என்று எழுதுபவர்களை நான் திட்டமாட்டேன், ஆனால் கிடங்கு கையிலிருக்க அது எதற்கு? தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கம் கிட்டங்கி இன்றும் சரக்கறைதான், அங்கே அப்படியே இருக்கட்டும். மலேசிய வரலாறு எழுதும்போது மட்டும் பழைய செட்டியார் கடைவீட்டைச் ‘சேமிப்புக் கிடங்கு’ என்று மாற்றிவிடாதீர்கள். கிட்டங்கி என்றே எழுதி, முதல் முறை வரும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் ‘நகரத்தாரின் கூட்டுக் கடைவீடு’ என்று போட்டால் படிப்பவருக்குப் புரிந்துவிடும்.