நிர்வாகச் செலவு ஐந்து சதவீதம்தானாம்!

"நல்ல டிரஸ்ட் சார். நிர்வாகச் செலவே ஐந்து சதவீதம்தான். மிச்சமெல்லாம் நாய்களுக்கே போகுதாம்."

விலங்குக் காப்பகத்துக்கு நன்கொடை கொடுக்கப் போகிறவர்கள் என்னிடம் நீட்டுகிற முதல் சான்றிதழ் இதுதான். தொண்டு நிறுவனங்களின் கணக்கைத் தணிக்கை செய்வது என் தொழில். அதனால் காசோலையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் சிலர் கேட்பார்கள். பெரும்பாலானவர்கள் போட்டு முடித்த பிறகுதான் கேட்பார்கள். அண்மையில் அப்படி ஒருவர் பெரிய தொகை கொடுத்த காப்பகத்தை அதிகாரிகள் வந்து மூடினார்கள். கூண்டுக்கு மூன்று நாயாக, சொறியும் புழுப்புண்ணுமாகக் கிடந்தனவாம். அவர்களுடைய ஆண்டுக் கணக்கை வாங்கிப் பார்த்தேன். நிர்வாகச் செலவு ஐந்து சதவீதம்தான், கூட்டல் கழித்தலில் ஒரு தவறும் இல்லை. இந்த மாதிரி எத்தனையாவது காப்பகம் இது என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இந்த ஐந்து சதவீதம் எப்படிச் சமைக்கப்படுகிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு காப்பகம் ஆண்டுக்குக் கையிலிருந்து 100 செலவழிக்கிறது, அதில் நிர்வாகத்துக்கு 20 போகிறது என்று வையுங்கள். அதாவது 20 சதவீதம். இப்போது ஒரு தீவன நிறுவனம் காலாவதி நெருங்கிய மூட்டைகளை இலவசமாக இறக்குகிறது. ஒரு மருந்துக் கம்பெனியும் அதையே செய்கிறது. இதையெல்லாம் கடை விலைக்கு மதிப்புப் போட்டு 300 என்று ஒரு பக்கம் வரவு வைக்கிறார்கள். மறுபக்கம் அதே 300 'விலங்குப் பராமரிப்புச் செலவு' என்று எழுதப்படுகிறது. மொத்தச் செலவு 400, நிர்வாகம் அதே 20. ஐந்து சதவீதம் வந்துவிட்டது! ஒரு நாய்க்குக்கூட ஒரு கவளம் கூடுதலாகப் போயிருக்க வேண்டியதில்லை. இலவசமாக வந்த பொருளைக் கணக்கில் காட்டுவது குற்றமில்லை, காட்டத்தான் வேண்டும். அமெரிக்கக் கணக்கியல் விதிகள் 2020-இல் இந்தப் பொருள் நன்கொடைகளைத் தனி வரியில் காட்டச் சொல்லி, எப்படி மதிப்பிட்டீர்கள் என்று குறிப்பிலும் எழுதச் சொன்னதே இதனால்தான். நீங்கள் செய்ய வேண்டியது அந்த 300-ஐ எடுத்துவிட்டு விகிதத்தை மறுபடி போட்டுப் பார்ப்பது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

இன்னொரு வழியும் உண்டு. மேலாளரின் சம்பளத்தில் பத்தில் ஒன்பது பங்கை 'நேரடிப் பராமரிப்பு' என்று எழுதிவிடலாம். நன்கொடை கேட்டு அனுப்பிய கடிதங்களின் கீழே "உங்கள் நாய்க்குத் தடுப்பூசி போடுங்கள்" என்று ஒரு வரியைச் சேர்த்து, அச்சுச் செலவைப் 'பொதுமக்கள் விழிப்புணர்வு' தலைப்புக்குத் தள்ளலாம். இப்படிப் பிரிப்பதற்கு நோக்கம், பெறுபவர், உள்ளடக்கம் என்று மூன்று சோதனைகள் அமெரிக்க விதிகளில் இருக்கின்றன. பல இடங்களில் அதுகூட இல்லை. (செலவைத் தலைப்பு வாரியாகப் பிரிப்பதில்தான் எங்கள் ஆட்களுக்கும் வாடிக்கையாளருக்கும் அதிகச் சண்டை வரும். பெரும்பாலும் அவர்கள்தான் ஜெயிப்பார்கள்.)

இது என் சொந்தக் கோபம் மட்டுமில்லை. தொண்டு நிறுவனங்களின் தகவல்களைத் திரட்டியும் மதிப்பிட்டும் வந்த அமெரிக்க அமைப்புகளான கைடுஸ்டார், சேரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய மூன்றின் தலைவர்களும் 2013-இல் நன்கொடையாளர்களுக்குக் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்பதுதான் சாரம். அந்த விகிதத்தைப் பிரபலமாக்கியதில் பங்குள்ளவர்களே சொன்னார்கள். கேட்டோமா?

சரி, நிர்வாகம் என்று எதைச் சொல்கிறோம்? பதிவேடு எழுதுகிறவர், மருந்து இருப்பைப் பார்க்கிறவர், பணியாளர்களுக்கு முறை போடுகிறவர், காப்பீடு, தணிக்கைக் கட்டணம். இதில் எதை வெட்டினாலும் அடி விழுவது கூண்டுக்குள் இருக்கிற உயிருக்குத்தான். எந்த நாய்க்கு எந்தத் தேதியில் தடுப்பூசி போட்டார்கள் என்று எழுதிவைக்க ஆள் இல்லாத இடத்தில் பார்வோ வைரஸ் புகுந்தால் குட்டிகள் வரிசையாகச் சாகும்.

சம்பளத்துக்கும் இதே கதைதான். காப்பகத்தில் ஒரு விலங்குக்கு ஒரு நாளில் குறைந்தது 15 நிமிடம் வேண்டும், சுத்தம் செய்ய ஒன்பது, தீனி வைக்க ஆறு என்று அமெரிக்காவில் பல காலமாக ஒரு வழிகாட்டு அளவு இருக்கிறது. எட்டு மணி நேர வேலையில் ஒருவரால் 32 விலங்குகளைப் பார்க்க முடியும், அதுவும் டீ குடிக்காமல் பார்த்தால். 240 நாய், மூன்று பணியாளர் என்றால் ஒரு நாய்க்குக் கிடைப்பது ஆறு நிமிடம். கூண்டைக் கழுவவே போதாது. "எங்களிடம் சம்பளச் செலவு மிகக் குறைவு" என்று பெருமையாகப் போடும் விளம்பரத்தைப் பார்த்தால் இனி இந்த வகுத்தலைப் போடுங்கள். தன்னார்வலர்கள் வருகிறார்கள் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். செவ்வாய்க்கிழமை மழையில் யார் வந்தார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் எதைத்தான் பார்ப்பது? கடைக்காரர் சரக்கிருப்புக் கணக்கு வைப்பதுபோல, உயிர்களுக்கு ஒரு இருப்புக் கணக்கு கேளுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் எத்தனை, உள்ளே வந்தவை எத்தனை, எந்தெந்த வழியில் வெளியே போயின, கடைசியில் எத்தனை. ஒரு உதாரணம் போடுகிறேன். தொடக்கத்தில் 180. ஆண்டில் வந்தவை 620. தத்துப் போனவை 240, உரிமையாளரிடம் திரும்பியவை 30, வேறு காப்பகத்துக்கு 60, கருத்தடை செய்து பழைய இடத்திலேயே விட்டவை 110, இறந்தவை 70, கருணைக்கொலை 20. மொத்தம் 530 வெளியேறியிருக்கின்றன. அப்படியானால் கையில் 270 இருக்க வேண்டும். அறிக்கையில் "எங்கள் 200 செல்லங்கள்" என்று போட்டிருந்தால் மிச்சம் எழுபது உயிர் எங்கே? பண இருப்பில் எழுபது குறைந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாய் குறைந்தால் மட்டும் யாரும் கேட்பதில்லை.

இதே எண்களில் இன்னொரு வித்தை இருக்கிறது. 'உயிருடன் வெளியேறும் விகிதம்' என்று ஒன்றை அறிக்கையில் பெரிய எழுத்தில் போடுவார்கள். 2004-இல் கலிஃபோர்னியாவின் அசிலோமாரில் விலங்கு நல அமைப்புகள் கூடிப் பொதுவான கணக்குமுறை ஒன்றை உருவாக்கியபோது நிலைபெற்ற அளவுகோல் அது. அந்தச் சூத்திரத்தில், காப்பகத்திலேயே செத்துப்போனவையும் காணாமல் போனவையும் வகுக்கும் எண்ணில் சேராது. நம் உதாரணத்தில் உயிருடன் போனவை 440, கருணைக்கொலை 20. 440-ஐ 460-ஆல் வகுத்தால் 95 சதவீதத்துக்கு மேல். அந்த 70 சாவையும் சேர்த்து 530-ஆல் வகுத்தால் 83. அசிலோமார் அட்டவணையில் அந்தச் சாவுகளுக்குத் தனி வரி உண்டு, மறைக்கச் சொல்லவில்லை. விகிதத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு அந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

"நாங்கள் எதையும் கொல்வதில்லை" என்பதைக் கேட்டும் உருகிவிட வேண்டாம். பத்தில் ஒன்பது உயிரைக் காத்தால் 'கொல்லாத காப்பகம்' என்ற பெயருக்குத் தகுதி என்று பரவலாக ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். ஆனால் வாசலுக்கு வருவதையெல்லாம் ஏற்கிற காப்பகமும், ஆரோக்கியமான குட்டிகளாகப் பார்த்து எடுக்கிற காப்பகமும் ஒரே தராசில் நிற்காது. முதுகெலும்பு உடைந்த நாயைத் திருப்பி அனுப்பிவிட்டால் யாருக்கும் நூற்றுக்கு நூறு வரும். யாரைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேளுங்கள்.

தங்கும் நாளையும் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து விலங்கு வருகிற இடத்தில் சராசரியாக 20 நாள் தங்கினால் 100 கூண்டு போதும். 40 நாள் ஆனால் 200 வேண்டும். இடம் பெருகாமல் நாள் மட்டும் நீண்டுகொண்டே போனால் நெரிசல், நோய், கடி. வரவு தொடர்கிறது, தத்து குறைகிறது, இருப்பு ஏறுகிறது என்று மூன்று ஆண்டு எண்கள் காட்டினால் அங்கே மீட்பு என்ற பெயரில் விலங்குகளைக் குவித்துக்கொண்டிருக்கிறார்கள். நடத்துகிறவர் அன்பானவராகவே இருக்கலாம். பெரும்பாலும் அன்பானவர்தான், 'போதும்' என்று சொல்லத் தெரியாத அன்பு.

எண்களே பொய்யாக இருந்தால்? அதற்கு பில்கள் இருக்கின்றன. கருத்தடை இத்தனை என்று சொன்னால் அந்த அளவுக்கு மயக்க மருந்தும் தையல் நூலும் வாங்கியிருக்க வேண்டும். நாய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி வழக்கமாக ஒரு குப்பிக்கு ஒரு டோஸ்தான் வரும், ஆகவே குப்பிகளை எண்ணினால் ஊசிகளை எண்ணிய மாதிரி. பதிவேட்டையும் கண்ணால் பாருங்கள். மூன்று மாதப் பதிவுகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரு அடித்தல்கூட இல்லாமல் இருந்தால் அது ஒரே ராத்திரியில் எழுதப்பட்டது. நிஜமான காப்பகப் பதிவேட்டில் தண்ணீர் பட்ட கறை இருக்கும், எடை அடித்துத் திருத்தப்பட்டிருக்கும், ஓரத்தில் யாரோ "கடிக்கும், ஜாக்கிரதை" என்று கிறுக்கியிருப்பார்கள். அழகான பதிவேட்டைக் கண்டால் எனக்குப் பயம்.

பணப் பக்கத்தில் வேகமாகச் சில. காப்பகம் நிற்கும் நிலம் யார் பெயரில்? நிறுவனர் பெயரில் என்றால் உங்கள் பணத்தில் எழும் கட்டடம் யாருக்குப் போகும் என்று ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். அறங்காவலர்கள் கணவன், மனைவி, மச்சான் என்று இருந்தால் வாடகையும் வண்டியும் யாரிடமிருந்து எடுக்கிறார்கள் என்று 'தொடர்புடையோர் பரிவர்த்தனை' குறிப்பைப் படியுங்கள். ஆம்புலன்ஸ் என்று குறிப்பிட்டு வாங்கிய பணம் ஆம்புலன்ஸ் ஆனதா, சம்பளமானதா? வங்கியில் இரண்டு வாரத்துக்கு மட்டும் பணம் இருந்தால் ஆபத்து. சில ஆண்டுச் செலவுக்குப் பணத்தைக் குவித்து வைத்துக்கொண்டு "இன்று இரவுக்குத் தீனி இல்லை" என்று வீடியோ போடுவது அதைவிட மோசம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். குறையில்லாத தணிக்கை அறிக்கை என்றால் நல்ல காப்பகம் என்று பொருளில்லை. கணக்கு நியாயமாக எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டும்தான் நாங்கள் சொல்கிறோம். கூண்டுக்குள் எட்டிப் பார்ப்பது எங்கள் வேலையில் இல்லை. என் கையெழுத்தை நம்பி உங்கள் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்.

கணக்கறிக்கையைத் தேடுவதும் பெரிய வேலை இல்லை. அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் வரித்துறைக்குக் கொடுக்கும் படிவம் 990 பொது ஆவணம். இங்கிலாந்து, வேல்ஸ் அறக்கட்டளைகளை, அவற்றைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சேரிட்டி கமிஷனின் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம். அப்படி வசதி இல்லாத இடத்தில் நேரடியாகக் கேட்டு எழுதுங்கள். கணக்கறிக்கை, உயிர் இருப்புக் கணக்கு, சொல்லாமல் போய்ப் பார்க்க அனுமதி, இந்த மூன்றும் போதும். அனுமதி மறுத்தால் உடனே திருடன் என்று முத்திரை குத்த வேண்டாம், நோய் பரவும் நாட்களில் வெளியாட்களை விடாமல் இருப்பதுதான் சரி. ஆனால் எப்போது வரலாம் என்பதற்கு ஒரு தேதி சொல்ல வேண்டும் இல்லையா?

சிறிய காப்பகங்கள் பலவற்றில் இந்தக் கணக்கு எதுவுமே இருக்காது. நேர்மை இல்லாததால் அல்ல, எழுத ஆள் இல்லாததால். அவர்கள்மேல் பாய வேண்டாம். அங்கே உங்களுக்கு நம்பிக்கை இருந்தால், அடுத்த நன்கொடையைக் கொடுக்கும்போது கடிதத்தில் இப்படி எழுதுங்கள்: "இது தீனிக்கு அல்ல. பதிவேடு எழுத ஒருவரை நியமிக்க, ஓராண்டுச் சம்பளம்." அவர்களுடைய நிர்வாகச் செலவு சதவீதம் ஏறும். ஏறட்டும்.