பெட்டியைக் குழந்தை தூக்கிப் பார்க்கட்டும்

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து வீடு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். பத்து வயது அக்கா, ஏழு வயதுத் தம்பி. சனிக்கிழமைதோறும் ஓவியம் கற்றுக்கொடுக்கச் சேலத்திலிருந்து மலை ஏறுகிறேன். முதல் நாள் அந்த அம்மா ஒரு பெட்டியைப் பெருமையோடு இழுத்துவந்தார். கம்பளி, போர்வை வைப்பதற்கென்று விற்கும் சக்கரம் வைத்த பெரிய பிளாஸ்டிக் பெட்டி. க்ரேயான், போஸ்டர் கலர், பசை, கத்தரிக்கோல், மணிச்சட்டம், கணக்கு நோட்டு, வண்ணக் காகிதம் எல்லாம் அதற்குள்ளேயே. "எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது டீச்சர்" என்றார்.

பையனிடம் பச்சை க்ரேயான் எடுக்கச் சொன்னேன். இடுப்பு வரை உள்ளே கவிழ்ந்து, அடியில் துழாவி, பாதிச் சாமானைத் தரையில் பரப்பிய பிறகு எடுத்தான். அது பச்சை அல்ல, நீலம். பரப்பியதைத் திரும்ப அடுக்க அம்மாதான் வந்தார்.

"எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பதே இல்லை" என்று பிள்ளைகளைக் குறை சொல்லாத வீட்டை என் இருபது வருட அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் குற்றம் பெட்டியுடையது. பள்ளிக்கூடத்தில் வகுப்பறை என்று ஓர் இடம் உண்டு. வீட்டில் படிக்கும் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. பன்னிரண்டரை மணிக்குச் சாதம் வடித்தாகிவிட்டால் மேசை காலியாக வேண்டும். திண்ணைக்கோ பாட்டி வீட்டுக்கோ பாடம் நகர வேண்டும். அங்கே குழந்தையே தூக்கிக்கொண்டு போகக்கூடிய சின்னப் பெட்டிதான் உதவும்.

சின்னது என்றால் எவ்வளவு? பள்ளிப் பையின் எடை குழந்தையின் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை. இருபத்திரண்டு கிலோ குழந்தைக்கு இரண்டு கிலோ சொச்சம். அது இரு தோளிலும் சுமக்கும் பைக்கான கணக்கு. ஒரே கையில் தூக்கும் பெட்டிக்கு அதில் பாதி போதும் என்பது என் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள், அவ்வளவுதான்.

விலை உயர்ந்த கலைப்பெட்டி எதுவும் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் பிளம்பர்கள் வாங்கும் கைப்பிடி வைத்த டூல்ஸ் பெட்டியில் சிறிய அளவே எனக்குப் பிடித்தது. பொத்தான், மணி, சமிக்கி போன்ற பொடிச் சாமானுக்கு அஞ்சறைப் பெட்டியை மிஞ்ச ஒன்றுமில்லை. மூடியைத் திறந்ததும் எது எங்கே இருக்கிறது, எது தீர்ந்துபோனது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கடுகுக்கும் சீரகத்துக்கும் கொடுத்த மரியாதையைப் பாசிமணிக்கும் கொடுக்கலாமே! காகிதத்துக்குப் பெட்டி வாங்கினால் அடியை அளந்து வாங்குங்கள். ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. நீளம். பிளாஸ்டிக் பெட்டிகள் வாய் அகன்றும் அடி குறுகியும் இருக்கும். மேலே அளந்து வாங்கினால் கீழ்த்தாள்களின் ஓரமெல்லாம் சுருண்டுவிடும்.

இனி ஊர்ப் பிரச்சினை. சேலத்தில் வெயில் என்றால் மலையில் ஈரம். மொட்டைமாடி அறையிலோ ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலோ மே மாத மதியத்தில் விட்ட மெழுகு க்ரேயான் மாலையில் ஒரே கட்டியாகக் கிடக்கும். ஏற்காட்டில் நேர்மாறு. காற்றுப் புகாத டப்பாதான் நல்லது என்று நம்பி ஈர பிரஷ்ஷை உள்ளே வைத்து மூடுகிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் இரண்டே வாரத்தில் மயிரிலும் காகிதத்திலும் பூஞ்சை சாம்பல் பூத்துவிடும். பிரஷ்ஷைக் கழுவி, துணியில் ஒற்றி, இரவு முழுவதும் படுக்கவைத்துக் காயவிட்ட பிறகே பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

இன்னொன்று, மலை ஏறுபவர்களுக்கு மட்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக்குப் போகும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. சேலத்தில் இறுக மூடிய பாட்டிலுக்குள் கீழ்க்காற்று அப்படியே இருக்கும். சிப்ஸ் பாக்கெட் உப்புவது இதனால்தான். பாதி தீர்ந்த பசை பாட்டிலை மேலே போய்த் திறந்தால் அழுத்தாமலே வழியும். சிவப்பு போஸ்டர் கலர் ஒரு தடவை என் வெள்ளைச் சேலையில் பீறியடித்த பிறகுதான் எனக்கு இந்த இயற்பியல் புரிந்தது. பாட்டிலை நிமிர்த்தி, துணி சுற்றி, மெல்லத் திருகித் திறக்க வேண்டும்.

இதுவரை சொன்னதில் தவறினால் காசும் சேலையும்தான் போகும். இரண்டாவது பெட்டி அப்படியல்ல. அது பெரியவர்களுடையது. பூட்டு உண்டு, இடம் பரண்மேல். தின்னர், டர்பன்டைன், கட்டர் கத்தி, பொத்தான் பேட்டரி, சிறு காந்தங்கள் எல்லாம் அதில்தான். தட்டையான பொத்தான் பேட்டரி தொண்டைக்குக் கீழே சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மண்பானையில் வண்ணம் தீட்ட மூலையில் கிடக்கும் பழைய எனாமல் டின்னை எடுத்துக் கொடுக்காதீர்கள். வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல்தான் வந்தது. அதற்கு முந்தைய டின்னில் என்ன இருக்கிறதோ!

அந்த அக்கா ஒரு நாள் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அஞ்சறைப் பெட்டிக் குழியில், மினுமினுக்கும் சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணிகள். தம்பிக்குக் காப்பு கோக்கிறாளாம். "பிள்ளையாருக்குக் கண் வைப்பதுதானே அம்மா" என்றார் பாட்டி. உண்மைதான். முழுதாக இருக்கும் குன்றிமணியின் தோல் கெட்டியானது, அதனால் பலமுறை தப்பிவிடுகிறோம். துளையிட்டாலோ மென்றாலோ உள்ளிருக்கும் அப்ரின் என்ற கொடிய நஞ்சுக்கு வழி திறந்துவிடுகிறது. தம்பியோ கையில் கிடைத்ததைக் கடிக்கிறவன். துளையிட்ட ஐந்தையும் எண்ணி வாங்கிக்கொண்டு, மீதியைப் பாட்டியிடமே கொடுத்தேன், பூஜை அலமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொல்லி. காப்புக்கு மரமணி வாங்கினோம்.

பாட்டிக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்பு நானே கொஞ்சம் தின்னரைக் காலி குடிநீர் பாட்டிலில் ஊற்றிப் பையில் வைத்திருந்தேன். விளையாடிவிட்டு ஓடிவந்த ஒரு மாணவன் அதைத் திறந்து உதட்டருகே கொண்டுபோய்விட்டான். வாடைதான் அவனைத் தடுத்தது. ஐஸ்கிரீம் டப்பாவில் கறிவேப்பிலை வைத்துப் பழகிய கைக்கு அது தவறாகவே படவில்லை. ஒருவேளை யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. திரும்ப மேலே வரும்போது நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்து இன்னும் பெரியது. டின்னையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்போது தின்னர் அது வந்த டின்னிலேயே, லேபிள் கிழியாமல், என் வீட்டுப் பரணில் இருக்கிறது. குழந்தைகளிடம் போகும் பையில் நீர் வண்ணம் மட்டும்தான்.